நித்திரைக் குளிசையிலிருந்து மீள நினைப்பவர்களுக்கு ஒரு மண்டபமும் ஒரு தொலைபேசியும் தாருங்கள்

பிரித்தானியாவில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், கோயில் நிர்வாக சபைகள், முதியோர் ஒன்றியங்கள், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் அனைத்துக்கும் வணக்கம்.

நான் லண்டன் ஹரோ பகுதியில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். உங்கள் கோயிலுக்கு வருபவர்கள், உங்கள் பொங்கல் விழாவில் முன்வரிசையில் இருப்பவர்கள், உங்கள் தமிழ்ப் பள்ளிக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வருபவர்கள் என்று பலர் மாதம் ஒருமுறை என் முன்னால் வந்து நிற்கிறார்கள். அவர்களில் சிலருக்காகத்தான் இந்த மடல். டொக்டர் எழுதிக் கொடுத்த குளிசையை டொக்டர் சொன்னபடியே விழுங்கி, இப்போது அது இல்லாமல் ஒரு இரவைக்கூடக் கடக்க முடியாமல் இருப்பவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தமிழில் துணை நிற்க ஓர் அமைப்பு வேண்டும். அதை நீங்கள் சேர்ந்து தொடங்க வேண்டும் என்று கேட்கிறேன்.

யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்பதை முதலில் தெளிவாக்கி விடுகிறேன். தெருவில் எதையும் வாங்காதவர்கள் இவர்கள். ஷெல் அடிக்குள்ளிருந்து வந்தவர்கள், காணாமற்போன பிள்ளைக்காக இன்னும் காத்திருப்பவர்கள், இரவு வேலைக்குப் போய்ப் பகலில் நித்திரை வராமல் புரண்டவர்கள், கணவர் காலமான கிழமையில் ஜீ.பி. என்ற குடும்ப டொக்டரிடம் கூட்டிச் செல்லப்பட்டவர்கள். "ரெண்டு கிழமைக்கு மட்டும்" என்று டயஸிபாம் என்ற அமைதிக் குளிசையோ ஸோபிகுளோன் என்ற நித்திரைக் குளிசையோ எழுதப்பட்டது. அந்த இரண்டு கிழமை பத்து வருடமாயிற்று. முதுகு வலிக்கென்று தொடங்கிய கோ-கோடமோல், நரம்பு வலிக்கென்று வந்த பிரிகாபலின், மனச்சோர்வுக்கென்று கொடுத்த மாத்திரைகள் எல்லாம் இதே வழியில்தான் வீட்டுக்குள் வந்து தங்கின. "குளிசை போடாட்டி கண் மூடேலாது பிள்ளை" என்று ஓர் அம்மா சொல்லும்போது அவர் மருந்தின் பயனைச் சொல்வதாகத்தான் அவருக்கும் தோன்றும், வீட்டாருக்கும் தோன்றும். உண்மையில் பல வேளைகளில் அது மருந்து விடாத பிடியின் அடையாளம். ஒரு நாள் தவறினால் வருகிற நடுக்கமும் படபடப்பும் நித்திரையின்மையும் பழைய நோய் திரும்பி வந்தது போலவே இருக்கும். அதனால் மறுநாளே இன்னொரு குளிசை.

இது எங்கள் ஆட்களுக்கு மட்டும் வந்த துன்பமும் இல்லை. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2019 செப்டெம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2017-18 ஆம் ஆண்டில் நாட்டின் வயதுவந்தோரில் 26 சதவீதமானவர்களுக்கு, அதாவது 1 கோடியே 15 லட்சம் பேருக்கு, சார்பை, அதாவது அது இல்லாமல் இருக்க முடியாத நிலையை, அல்லது நிறுத்தும்போது விலகல் துன்பத்தை ஏற்படுத்தக்கூடிய ஐந்து வகை மருந்துகளில் ஒன்றாவது எழுதப்பட்டிருந்தது. 2018 மார்ச்சில் அவற்றைப் பெற்றுக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குறைந்தது ஒரு வருடமாகத் தொடர்ந்து எடுத்தவர்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். வசதி குறைந்த இடங்களில் இன்னும் அதிகம். எடுக்கிற எல்லோரும் சார்ந்துவிட்டவர்கள் என்று இந்த எண்களுக்குப் பொருள் கொள்ளக் கூடாது. சிலருக்கு அந்த மருந்து தேவைதான். ஆனால் விடவேண்டும் என்று நினைக்கிறவர் எங்கே போவது?

இந்தக் கேள்விக்கு நாற்பது வருடங்களுக்கு முன்பு பதில் தேடியவர்களின் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் ஒரு பகுதி எங்கள் வாசலிலேயே நடந்தது.

1960இல் லிப்ரியம் என்ற அமைதிக் குளிசையும் 1963இல் வலியமும் (டயஸிபாமின் விற்பனைப் பெயர்) சந்தைக்கு வந்தபோது அவை பழைய நித்திரை மருந்துகளைவிடப் பாதுகாப்பானவை என்றே எல்லோரும் நம்பினார்கள். 1970களின் இறுதியில் பிரித்தானியாவில் வருடத்துக்கு ஏறத்தாழ 3 கோடி மருந்துச் சீட்டுகள் இந்த வகைக்கு எழுதப்பட்டன. அப்படியிருந்தும், 1960 முதல் 1977 வரை இவற்றைச் சார்ந்துபோனவர்கள் 28 பேர் என்று மருந்துகளை மீளாய்வு செய்த அரசுக் குழு 1980இல் ஒரு கணக்கைச் சொன்னது. இருபத்தெட்டே பேர்! டொக்டர்கள் அந்தக் குழுவை நம்பினார்கள், நோயாளிகள் டொக்டர்களை நம்பினார்கள்.

அந்தக் கணக்குப் பொய் என்பதை ஆய்வுகூடங்களுக்கு முன்பே அறிந்துகொண்டவர்கள் அந்தக் குளிசையை விட முயன்ற பெண்கள். 1980களின் தொடக்கத்தில் ஜோன் ஜெரோம் என்ற பெண், தானே வலியத்திலிருந்து மீண்டவர், டிராங்ஸ் என்ற உதவி அமைப்பைத் தொடங்கினார். இந்த நாட்டில் இதற்கென்றே எழுந்த முதல் அமைப்புகளில் அது ஒன்று. அது இயங்கிய இடம் ஹரோவின் வீல்ட்ஸ்டோன். இன்று நாங்கள் மரக்கறி வாங்குகிற, பிள்ளைகளை வகுப்புக்கு ஏற்றி இறக்குகிற அதே வீல்ட்ஸ்டோன். அதே காலத்தில் பிபிசி தொலைக்காட்சியில் எஸ்தர் ரான்ட்சன் நடத்திய நிகழ்ச்சி இந்தக் குளிசைகளைப் பற்றிப் பேச, நேயர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. மைண்ட் என்ற மனநல அறக்கட்டளையோடு சேர்ந்து அதே நிகழ்ச்சியினர் ஒரு கருத்தாய்வும் நடத்தினார்கள். வீட்டுக்குள் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தவர்கள், ஊர் முழுக்க இப்படித்தான் என்று அப்போது கண்டார்கள்.

பிறகு பிரிஸ்டலில் 1985இல் ஓர் அமைப்பு வந்தது, 1987இல் லிவர்பூலில் ஒன்று வந்தது. நியூகாஸ்டலில் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை இந்த மருந்துகளை விட விரும்பியவர்களுக்கென்றே தனிச் சிகிச்சை நிலையம் நடத்தினார். அங்கே வந்த ஏறத்தாழ 300 பேரிடமிருந்துதான் தான் கற்றதாக அவரே எழுதியிருக்கிறார். அவர் தயாரித்த கையேடு இன்றும் உலகம் முழுவதும் புழங்குகிறது. அவர் சொன்ன முறை விளங்கச் சுலபமானது, கடைப்பிடிக்கப் பொறுமை வேண்டியது. உடம்பை விட்டு மெல்ல வெளியேறும் டயஸிபாமுக்கு ஆளை மாற்றுவது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. நாளுக்கு 40 மில்லிகிராம் எடுப்பவர் 20 வரும்வரை ஒன்றிரண்டு கிழமைக்கு ஒருமுறை 2 மில்லிகிராம் குறைப்பார், அதன்பின் 1 மில்லிகிராம். எல்லாம் முடிய 30 முதல் 60 கிழமை ஆகலாம். ஒரு வருடம்! எந்த டொக்டருக்கு ஒரு நோயாளியோடு ஒரு வருடம் கூட நடக்க நேரம் இருக்கிறது? அந்த இடத்தை நிரப்பத்தான் இந்த அமைப்புகள் வளர்ந்தன.

அவை எப்படி வளர்ந்தன என்பதில்தான் எங்களுக்கான பாடம் முழுவதும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பெரிய கட்டடமோ பெரிய பெயர்களோ முதலில் வரவில்லை. ஒரு தொலைபேசி, அதை எடுக்க ஏற்கனவே அந்தப் பாதையில் போய்த் திரும்பிய ஒருவர். பிறகு கிழமைக்கு ஒரு கூடல். பிறகு ஜீ.பி.க்கு என்ன சொல்ல வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்லிக் கொடுப்பது. அதன்பின் டொக்டர்களே வந்து கற்றுக்கொண்டார்கள், உள்ளூர் சபைகளும் சுகாதார சேவையும் பணம் தரத் தொடங்கின. லிவர்பூல் அமைப்பு அமைதி மாத்திரைகளுக்கென்று தொடங்கி, காலப்போக்கில் மனச்சோர்வு மருந்து, வலி மருந்து என்று தன் வேலையை விரித்துக்கொண்டது. தொலைபேசியில் அழைத்தவர்கள் கையில் வைத்திருந்த பெட்டிகள் மாறியதால் அமைப்பும் மாறியது.

அரசாங்கம் அசைந்ததும் இவர்கள் தந்த அழுத்தத்துக்குப் பிறகுதான். 1988இல் மருந்துப் பாதுகாப்புக் குழு, லிப்ரியமும் வலியமும் அடங்கிய பென்ஸோடயஸிபைன் வகையைக் கடுமையான பதற்றத்துக்கு இரண்டு முதல் நான்கு கிழமைக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்று எல்லா டொக்டர்களுக்கும் அறிவித்தது. ஆயிரக்கணக்கான நோயாளிகள் மருந்துக் கம்பனிகள் மீது போட்ட வழக்கு, சட்ட உதவிப் பணம் நிறுத்தப்பட்டதால் தீர்ப்பு வராமலே சிதறியது. அதன்பின் நீண்ட மௌனம். 2016இல் பிரித்தானிய மருத்துவச் சங்கம் இதற்கென்று 24 மணி நேரத் தேசிய உதவித் தொலைபேசி வேண்டும் என்றது. நான் மேலே சொன்ன 2019 ஆய்வும் அதையே பரிந்துரைத்தது. பேராசிரியர் ஆஷ்டன் காலமானதும் அதே மாதத்தில்தான். 2022இல், சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டலும் 2023இல் தேசிய சுகாதார சேவையின் செயற்திட்டமும் வந்தன. காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. அந்தத் தேசியத் தொலைபேசி மட்டும் இன்னும் ஒலிக்கவில்லை. பல வருடம் உழைத்த உள்ளூர் அமைப்புகள் சில பணம் நின்று மூடப்பட்டதும் இதற்கிடையில்தான் நடந்தது.

இப்படி ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே கதவு குறைவாக இருக்கும் நாட்டில், எங்கள் அம்மம்மா எந்தக் கதவைத் தட்டுவார்?

ஜீ.பி.யிடம் போனால் பத்து நிமிடம். பக்கத்தில் மொழிபெயர்க்க மகள். நித்திரை வராததற்கு உண்மைக் காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தால் அதை மகள் வாயால் எப்படிச் சொல்வது? "அம்மா நல்லாத்தான் இருக்கிறா, குளிசை மட்டும் முடிஞ்சு போச்சு" என்று முடிந்துவிடும். சுகாதார சேவை மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்து தரும் என்பதே எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது. கேட்டால் தருவார்கள், கேட்க வேண்டும். மீள நினைக்கிறவரைச் சில இடங்களில் போதைப்பொருள், மதுப் பாவனைக்கான நிலையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே வேலை செய்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே எங்கள் ஊரவர் ஒருவர் பார்த்துவிட்டால், பிள்ளையின் கலியாணப் பேச்சுவரை அந்தக் கதை போகும் என்று பயந்து அந்த அம்மா திரும்பி வந்துவிடுவார். வெறும் பயம் என்று அதைத் தள்ளிவிட முடியுமா?

கோயில் நிர்வாக சபைகளிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணீரும் பழச்சாறுமாக இருப்பவர்களில் சிலர் குளிசைகளையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். விரதத்தில் மருந்து எதற்கு, முருகன் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. மூன்றாம் நாள் கை நடுங்கும், வியர்க்கும், சுவரில் ஏதோ ஊர்வது போலத் தெரியும். விரதக் களைப்பு என்று வீட்டார் நினைப்பார்கள். நீண்ட காலம் எடுத்த டயஸிபாம் வகையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். சூரன்போர் பார்க்க வந்து மண்டபத்தில் ஓர் ஐயா சுருண்டு விழுந்தால் நாங்கள் எல்லோரும் வெறும் வயிற்றைத்தான் குற்றம் சொல்வோம். நித்திரைக் குளிசை, நரம்புக் குளிசை, வலிப்புக் குளிசை எடுப்பவர்கள் டொக்டரையோ பாமசியையோ கேட்காமல் அவற்றை நிறுத்த வேண்டாம் என்று காப்புக் கட்டும் நாளில் ஒலிபெருக்கியில் ஒரு தரம் சொல்லுங்கள். ஐயரே சொன்னால் இன்னும் நல்லது. அவர் சொன்னால் கேட்பார்கள். இதற்குப் பணம் வேண்டாம், அமைப்பு வேண்டாம். இந்த வருடமே செய்யலாம்.

இன்னொன்றையும் நான் அடிக்கடி காண்கிறேன். எங்கள் வீடுகளில் குளிசையும் கைமாற்றுப் பண்டமாகிவிட்டது. ஊரிலிருந்து வருகிறவர் கொண்டு வருவார், தங்கைக்கு எழுதியதை அக்கா எடுப்பார். ஒருநாள் ஓர் அம்மா தைலப் போத்தல் ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே மரக்கறிக் கத்தியால் வெட்டிய நீல, மஞ்சள், வெள்ளைத் துண்டுகள். நீலம் 10, மஞ்சள் 5, வெள்ளை 2 மில்லிகிராம், எல்லாம் டயஸிபாம். தானே குறைக்கப் பார்த்திருக்கிறார். எந்தத் துண்டு எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. நடுங்கிய நாளில் இரண்டு, நல்ல நாளில் ஒன்றுமில்லை. இப்படி ஏற்றி இறக்குவது மிகவும் கெடுதல். ஆனால் அந்தப் போத்தலைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே விட்டுவிட வேண்டும் என்று அவர் அத்தனை பாடுபட்டிருக்கிறார். சரியான அளவைச் சொல்ல ஓர் ஆளும் கூட இருக்க ஓர் ஆளும் கிடைத்திருந்தால் அவர் எப்போதோ கரை ஏறியிருப்பார் என்று நம்புகிறேன்.

ஆகவே நான் கேட்பது இதுதான். நீங்கள் மூன்று நான்கு அமைப்புகள் சேர்ந்து ஒரு குழுவை அமையுங்கள். ஒரு தொலைபேசி இலக்கம், கிழமையில் இரண்டு மாலை, தமிழில் பதில். மாதம் இருமுறை ஒரு மண்டபத்தில் தேநீரோடு ஒரு கூடல், பெண்களுக்குத் தனியாகவும் ஒன்று. தொலைபேசி எடுப்பவர்களுக்கு முதலில் முறையான பயிற்சி வேண்டும். எந்த அளவு குறைக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லக் கூடாது. அது டொக்டரதும் மருந்தாளரதும் வேலை. கேட்பது, பயத்தைத் தணிப்பது, தானாக நிறுத்த விடாமல் தடுப்பது, ஜீ.பி.யிடம் மருந்து மீளாய்வு கேட்கவும் மொழிபெயர்ப்பாளர் கேட்கவும் உதவுவது, குறைக்கிற நாட்களை ஒரு கொப்பியில் எழுதப் பழக்குவது, ஒரு மோசமான இரவுக்கு மறுநாள் திரும்ப அழைப்பது. தற்கொலை எண்ணம் பற்றி யாராவது பேசினால் உடனே என்ன செய்வது என்பது முதல் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். கேட்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒவ்வொருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். எங்கள் சமூகத்தில் எல்லாவற்றையும்விட இதுதான் கடினம், இதில் ஒருமுறை பிழை விட்டால் பிறகு ஒருவரும் அழைக்க மாட்டார்கள்.

பணம் பற்றிக் கவலைப்படுவீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வருட வருமானம் 5,000 பவுண்ட்ஸைத் தாண்டும்போதுதான் ஒரு சாதாரண தொண்டுக் குழு அறக்கட்டளை ஆணையத்தில் பதிய வேண்டும். அதற்கு முன்பு ஒரு யாப்பு (குழுவின் விதிகள்), ஒரு வங்கிக் கணக்கு, பொறுப்பான மூன்று பேர் போதும். சிறிய குழுக்களுக்கு லொத்தர் நிதியத்தின் மானியங்கள் இருக்கின்றன. முதல் வருடத்தில் விழா வேண்டாம், சிறப்பு மலர் வேண்டாம், தலைவர் பதவிக்குத் தேர்தலும் வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். எத்தனையோ நல்ல வேலை எங்களிடையே அந்த இடத்தில்தான் உடைந்திருக்கிறது. எந்த ஊர்ச் சங்கம் தொடங்கியது என்ற கேள்வியை எழுப்பாமல், இன்று எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேரைத் திரும்ப அழைத்தோம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கொடையாளியை நம்பியும் வளராதீர்கள். மூடப்பட்ட ஆங்கில அமைப்புகளில் உதவி பெற்றுக்கொண்டிருந்தவர்கள், பாதி அளவு குறைத்த நிலையில் கைவிடப்பட்டார்கள். நடுவழியில் விடுவது தொடங்காததைவிடக் கொடுமை. இரண்டு வருடத்துக்கான செலவு கையில் இல்லாமல் இரண்டாவது ஊருக்கு விரிக்காதீர்கள். ஹரோவில் நன்றாக நடந்தால் ஈஸ்ட்ஹாமும் ரூட்டிங்கும் தாமாகக் கேட்டு வரும்.

தமிழ் டொக்டர்களே, மருந்தாளர்களே, இந்த மடல் உங்களுக்கும்தான். இந்த நாட்டின் ஆஸ்பத்திரிகளிலும் ஜீ.பி. நிலையங்களிலும் நீங்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நோயாளி உங்களோடு தமிழில் பேசுவதாலேயே நீங்கள் தரும் குளிசைக்கு மற்றவர்கள் தருவதைவிட மதிப்பு அதிகம். "இதை எத்தனை நாளைக்கு, எப்படி நிறுத்தப் போகிறோம்" என்று முதல் மருந்துச் சீட்டு எழுதும் அன்றே தமிழில் சொல்லுங்கள். இந்தக் குழுவுக்கு மாதம் ஒரு மாலை ஒதுக்கி, தன்னார்வலர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல இருவர் முன்வாருங்கள். பதிவில் உங்கள் பெயர் வரவேண்டியதில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தால் தொலைபேசி எடுப்பவருக்குத் துணிவு வரும், அவ்வளவு போதும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மடலைப் படித்துவிட்டு அம்மாவின் குளிசைப் பெட்டியை எடுத்துக் குப்பையில் போடாதீர்கள். திட்டவும் வேண்டாம். பாமசிக்கு அவரோடு வந்து, என்னென்ன எடுக்கிறார், எப்போதிருந்து எடுக்கிறார் என்று பட்டியல் எழுதித் தரச் சொல்லுங்கள். என்னைப் போன்றவர்கள் செய்து தருவோம். அந்தப் பட்டியலோடு மீளாய்வுக்கு நேரம் கேளுங்கள், அறைக்குள் மொழிபெயர்ப்பாளர் இருக்கட்டும், நீங்கள் வெளியே இருங்கள்.

நிர்வாக சபைகளே, அடுத்த கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விடயமாகச் சேருங்கள். உங்கள் மண்டபம் எந்த நாள் மாலையில் பூட்டிக் கிடக்கிறது, தொலைபேசி எடுக்க உங்களில் யார் இருவர் வருவார்கள் என்று முடிவெடுத்து ஒருவருக்கொருவர் தெரிவியுங்கள். பயிற்சிக்கு முதல் மாலை நான் வருகிறேன். மருந்துகளின் பெயர், அளவு, எவற்றைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்ற விவரங்களைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், ஒரு மருந்தாளர் பார்த்துச் சரி செய்து தந்ததும் எல்லோருக்கும் பிரதி தருவேன்.

அன்புடன்,
ஹரோவில் ஒரு பாமசி ஊழியர்